கே.எல். சென்ட்ரலில் இறங்கப் போகிறீர்களா? சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சில வார்த்தைகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவனுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது தானாக வந்து சேருகிற வேலை. ஐ.சி. (அடையாள அட்டை) நகல் எடுக்க வருகிறவர்கள் அப்படியே நின்று, "தம்பி, மகளைப் பார்க்க கே.எல். போவணும், இ.டி.எஸ். டிக்கெட்டு ஒண்ணு போட்டுக் குடேன்" என்பார்கள். கே.எல். என்றால் கோலாலம்பூர், இ.டி.எஸ். என்றால் அங்கே போகும் மின்சார ரயில். டிக்கெட் போடுவது ஐந்து நிமிட வேலை. பணத்தைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்று கேட்கிற கேள்விக்குத்தான் பதில் நீளம். "அங்க எறங்கினா எப்பிடிப்பா போறது?"

ஒவ்வொருவருக்கும் தாளில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் படித்து, வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயத்து வீடுகள் பாதிக்கு மேல் காலி. இளசுகள் கே.எல்., கிள்ளான், ஷா ஆலாம் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்தால் பாட்டி போக வேண்டும். இருதயத்தைப் பார்க்கச் சொல்லி ஐ.ஜே.என். என்ற தேசிய இருதய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் தாத்தா போக வேண்டும். தைப்பூசம் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போக வேண்டும். முன்பெல்லாம் பஸ்தான். 2010-இல் ஈப்போவுக்கும் கே.எல்.லுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் 2015-இல் பாடாங் பெசார் வரைக்கும் நீண்டபோது எங்கள் ஊரும் அந்தத் தடத்துக்குள் வந்தது. இன்றைக்கு ஏறக்குறைய 3 மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். பயணம் சுலபமாகிவிட்டது, இறங்கிய பிறகுதான் திண்டாட்டம்.

திண்டாட்டம் சில சமயம் இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். வடக்கிலிருந்து போகும் வண்டி கே.எல்.லை நெருங்கும்போது சுங்கை பூலோ, கெப்போங் சென்ட்ரல், கோலாலம்பூர், அப்புறம்தான் கே.எல். சென்ட்ரல். எல்லா வண்டியும் எல்லா இடத்திலும் நிற்காது என்றாலும் வரிசை இதுதான். ஏசி குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆள், அறிவிப்பில் "சென்ட்ரல்" என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கெப்போங்கில் இறங்கிவிடுவார். அதைத் தாண்டினால் அடுத்த கண்ணி, "கோலாலம்பூர்". எங்கள் தாத்தாமார்களுக்குக் கோலாலம்பூர் ஸ்டேஷன் என்றால் குவிமாடமும் வளைவுமாக நிற்கும் அந்தப் பழைய வெள்ளைக் கட்டடம்தான். 1910-இல் கட்டியது, ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் வரைந்தது. மெயில் வண்டி பிடித்துப் போன காலத்தில் அங்கேதான் இறங்கினார்கள். 2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறந்ததும் பெரிய ரயில் நிலையம் என்ற பட்டம் அதற்குப் போனது. ஆனால் பழைய நிலையத்தை மூடவில்லை, ரயில்கள் இன்னும் நிற்கின்றன. ஜன்னல் வழியே பழக்கப்பட்ட இடத்தைப் பார்த்ததும் கால் தானாக வாசலுக்குப் போகிறது.

அப்படி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், வெளியே ஓடி டாக்சியும் பிடிக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் கே.எல். சென்ட்ரல் போகும் கொமுட்டர் (புறநகர் ரயில்) வரும். பழைய நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கே.எல். சென்ட்ரல் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. சுங்கை பூலோவில் நிற்கும் வண்டியாகப் பார்த்து டிக்கெட் எடுத்து அங்கே இறங்கினால், அதே நிலையத்தில் எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் புத்ராஜெயா தடம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் 'ஹொஸ்பிட்டல் கோலாலம்பூர்' என்றே பெயர் வைத்த நிறுத்தத்தில் இறங்கலாம். நடுவில் எங்கும் மாற வேண்டாம். 2023 மார்ச்சில் அந்தத் தடம் முழுவதும் திறந்த பிறகு கிடைத்த வசதி இது. இருந்தும் இன்னும் பாதிப்பேர் சென்ட்ரல் வரை போய், அந்தக் கூட்டத்தில் அலைந்து, திரும்ப வடக்கே வருகிறார்கள்.

சரி, சென்ட்ரலிலேயே இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இ.டி.எஸ். நிற்கும் மேடை, கூடத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே கூரை மூடியிருப்பதால் கொஞ்சம் இருட்டு, புழுக்கம். ஏசி பெட்டியிலிருந்து இறங்கியவுடன் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். உங்களோடு இறங்கிய கூட்டம் எஸ்கலேட்டரை நோக்கி ஓடும், ஓடட்டும். முட்டி வலிக்காரர்களுக்கும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டரில் ஏறுகிறவர்கள் சேலைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள், முறுக்கு டின்னை மறு கையில் தூக்கிக்கொள்ளுங்கள், படியில் வைக்காதீர்கள். வெளியே போகும் வரை டிக்கெட்டைக் கைப்பேசியிலிருந்து அழிக்கவோ தாளாக இருந்தால் கசக்கிப் போடவோ வேண்டாம்.

மேலே வந்து வாசலைத் தாண்டினால் பெரிய கூடம். இங்கேதான் எல்லோரும் மலைத்துப் போய் நிற்பார்கள். நான்கு பக்கமும் வாசல், நான்கு பக்கமும் கூட்டம், தலைக்கு மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் பலகைகள். யாரையாவது நிறுத்தி "ரயில் எங்கே?" என்று கேட்டால் கேட்டவரைப் பொறுத்து ஒரு திசை காட்டுவார்.

முதலில் இது ஒரு ஸ்டேஷன் என்ற நினைப்பை விட வேண்டும். தோட்டத்து லயம் தெரியும்தானே? ஒரே நீளக் கூரை, ஆனால் வீட்டுக்கு வீடு தனி வாசல், தனி அடுப்பு. கே.எல். சென்ட்ரலும் அதே கணக்குதான். ரயில்வே நிறுவனமான கே.டி.எம்.மின் இ.டி.எஸ்.சும் கொமுட்டரும் ஒரு வீடு. எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில் இன்னொரு வீடு. விமான நிலைய ரயில் தனி வீடு. மோனோரயில் தெருவுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு பேரங்காடியைத் தாண்டிப் போக வேண்டும். எம்.ஆர்.டி.க்கு ஒரு நடைபாதை வழியாகப் போய், தேசிய அரும்பொருளகத்தின் பெயரில் இருக்கும் 'முசியம் நெகாரா' நிலையத்தில் ஏற வேண்டும். ஒரு வீட்டுக்கு எடுத்த டிக்கெட் அடுத்த வீட்டு வாசலைத் திறக்காது. அதனால் "ரயில் எங்கே" என்று கேட்காதீர்கள். எந்த ரயில் என்று சொல்லிக் கேளுங்கள், ஒரே நொடியில் பதில் வரும்.

எந்த ரயில் என்பதை ஞாபகம் வைக்க ஒரு வழி இருக்கிறது. மலாயும் ஆங்கிலமும் படிக்க வராத பாட்டிகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கே.எல்.லில் ஒவ்வொரு ரயில் தடத்துக்கும் ஒரு நம்பரும் ஒரு நிறமும் கொடுத்திருக்கிறார்கள். தடத்தின் வரைபடத்தில், வழிகாட்டிப் பலகைகளில் எல்லாம் அந்த நம்பர் வட்டமாக இருக்கும். பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் 1, நீலம். கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் 2, சிவப்பு. கே.எல்.சி.சி., மஸ்ஜிட் ஜாமெக் போகும் எல்.ஆர்.டி. 5. விமான நிலையத்துக்கு நிற்காமல் போவது 6, நின்று நின்று போவது 7. மோனோரயில் 8, பச்சை. காஜாங் எம்.ஆர்.டி. 9. நான் மேலே சொன்ன ஆஸ்பத்திரித் தடம் 12, மஞ்சள். நீங்கள் போகும் இடத்துக்கு எந்த நம்பர் என்று மட்டும் வீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. எங்கள் எதிர் வீட்டு அக்கா கையில் "8, 12" என்று எழுதிக்கொண்டு தனியாகப் போய் வருகிறார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

டிக்கெட் விஷயத்தில் ஒரே யோசனை: டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கி, பணம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். இ.டி.எஸ்.சுக்கு அது உதவாது, அதற்கு இருக்கை நம்பரோடு தனி டிக்கெட்தான். ஆனால் கொமுட்டர், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் நான்குக்கும் அந்த ஒரே அட்டை போதும். ஒவ்வொரு வாசலிலும் புது டிக்கெட் எடுக்க இயந்திரத்தின் முன் நின்று, பின்னால் இருப்பவர் உச்சுக் கொட்டுவதைக் கேட்கும் வேதனை இல்லை. அட்டை இல்லாதவர்களுக்கு எல்.ஆர்.டி. இயந்திரம் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைத் தரும். உள்ளே போகும்போது அதை வாசலில் தொட வேண்டும், வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால் கதவு திறக்காது. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அட்டையைத் தொட்டுவிட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நுழையப் பார்த்து, நடுவில் கதவு மூடிக்கொண்ட கதை எங்கள் ஊரிலேயே உண்டு.

இனி எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆஸ்பத்திரிக்கு, சென்ட்ரலிலிருந்துதான் போக வேண்டும் என்றால், 8-ஐப் பிடித்துக் கடைசி நிறுத்தமான தித்திவங்சாவில் இறங்கி, 12-க்கு மாறி அடுத்த நிறுத்தம். வழி சரியானதுதான், ஆனால் கூட வருபவர் நோயாளியாக இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மோனோரயிலுக்கு எஸ்கலேட்டர் ஏறி, நு சென்ட்ரல் பேரங்காடியின் கடைகளைக் கடந்து மறு கோடி வரை நடக்க வேண்டும். வண்டியும் சின்னது, காலையில் நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். அங்கே மட்டும் கணக்குப் பார்க்காமல் கிராப் (போனில் அழைக்கும் வாடகைக் கார்) எடுங்கள். ஐ.ஜே.என்.னுக்கும் அதுதான். ஏற வேண்டிய வாசலைச் சென்ட்ரல் காவலர் யாரிடமாவது கேட்டு, அங்கே போய் நின்ற பிறகு கிராப்பை அழையுங்கள். அழைத்துவிட்டு வாசல் தேடினால் ஓட்டுநர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று போனிலேயே சண்டை நடக்கும். கூடத்தில் தானாக வந்து "டாக்சி, டாக்சி" என்று காதோரம் சொல்பவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பத்துமலை சுலபம். 2010 வரைக்கும் கொமுட்டர் செந்தூலோடு நின்றுவிடும், அதற்கப்புறம் பஸ். அந்த ஆண்டு ஜூலையில் தண்டவாளத்தைக் கோயில் பக்கத்துக்கே நீட்டிவிட்டார்கள். இப்போது வண்டியை விட்டு இறங்கினால் கோயில் வளாகம்தான், முருகன் சிலைக்கு நடந்தே போய்விடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் 1-ம் 2-ம் கொஞ்ச தூரத்துக்கு ஒரே தடத்தில்தான் போகும். கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா மூன்று நிறுத்தமும் இரண்டுக்கும் பொது. புத்ராவைத் தாண்டியதும் ஒன்று செந்தூல் வழியாகப் பத்துமலைக்குப் போகும், மற்றொன்று செகாம்புட் வழியாகத் தஞ்சோங் மாலிம் பக்கம் போகும். மேடையில் வந்து நிற்கிற முதல் வண்டியில் ஏறாமல் அதன் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஏறிய பிறகு சந்தேகம் வந்தால், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தப்பான வண்டி என்றால் புத்ராவில் இறங்கி அடுத்ததற்குக் காத்திருந்தால் போதும். செகாம்புட் போன பிறகு தெரிந்தால்தான் அலைச்சல். கொமுட்டரில் நடுப்பகுதியில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். நம் ஆண்கள் அதில் ஏறி, பார்க்காதவர்கள் மாதிரி போனை நோண்டிக்கொண்டு உட்காருவதை நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

தைப்பூசக் காலத்தில் கொமுட்டர் இரவெல்லாம் ஓடும். கூட்டத்தில் பால்குடத்தோடு ஏறுவது பெரிய பாடு. கே.எல்.லில் தங்க இடம் இருப்பவர்கள் முந்தின நாளே போய்விடுவது நல்லது. வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்க்க ஆசை இருந்தால் 5-இல் ஏறி அடுத்த நிறுத்தமான பசார் செனியில் இறங்குங்கள். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம். 1873-இல் ஏற்பட்ட கோயில். ரதம் அங்கிருந்துதான் பத்துமலைக்குக் கிளம்புகிறது. சேலை, பாத்திரம், பூஜை சாமான் வாங்குகிறவர்கள் அதற்கும் அடுத்த நிறுத்தத்தில், மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி மஸ்ஜிட் இந்தியா பக்கம் போகலாம்.

விமான நிலையம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காசு அதிகம் போவது அங்கேதான். 6-ஆம் நம்பர் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகிறது. டெர்மினல் 1-க்கு 28 நிமிடம், டெர்மினல் 2-க்கு 33 நிமிடம். 7-ஆம் நம்பர் டிரான்சிட் பண்டார் தாசேக் செலாத்தான், புத்ராஜெயா, சாலாக் திங்கி என்று நின்று போகும், கொஞ்ச நேரம்தான் கூடுதல். விமான நிலையம் வரைக்கும் இரண்டிலும் பெரியவர்களுக்கு ஒரே கட்டணம், 55 வெள்ளி (ரிங்கிட்). ஏர் ஏசியாவில் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் இறங்க வேண்டியது டெர்மினல் 2. அதாவது கடைசி நிறுத்தம். முதல் நிறுத்தத்தில் எல்லோரும் இறங்குகிறார்களே என்று கூடவே இறங்காதீர்கள்.

தனியாக அவசரமாகப் போகிறவருக்கு இந்த ரயில் சரி. நேரம் இருந்தால் சென்ட்ரலின் அடித்தளத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆனால் கட்டணம் ரயிலில் ஒரு சின்னப் பங்குதான். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் சிங்கப்பூருக்கோ ஊருக்கோ போகிறான் என்றால் வழியனுப்பப் பத்துப் பேர் கிளம்புவோம். அந்தப் பத்துப் பேரும் சென்ட்ரலோடு நின்று, கண்ணீரையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு தங்க மோதிரத்துக்கு முன்பணம் மிஞ்சும். அழுவதற்கு விமான நிலையம்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஜொகூர், மலாக்கா பஸ் பிடிக்கிறவர்களும் சென்ட்ரலில் தேடாதீர்கள். தெற்கே போகும் பஸ்களுக்கு டி.பி.எஸ். என்ற தனி நிலையம் பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கிறது. 1-இல் போனாலும் 7-இல் போனாலும் அங்கே இறங்கலாம். 1 மலிவு, 7 வேகம்.

வண்டி மாற ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால், மேல் தளத்துக் கடைகளில் விலை பார்த்துப் பெருமூச்சு விடுவதை விட்டுவிட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடங்கள். சென்ட்ரல் கட்டியதே பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த ரயில்வே ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பேட்டை அது. ஆனால் கட்டடத்துக்குள் நின்று பார்த்தால் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. நு சென்ட்ரல் வழியாக மோனோரயில் பக்கம் போய்க் கீழே இறங்கினால் சட்டென்று மல்லிகைப்பூ வாசமும் சினிமாப் பாட்டும் வந்துவிடும். ஜப்பான்காரக் கட்டடக் கலைஞர் குரோகாவாவின் திட்டத்தில் எழுந்த நிலையம், நம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

நீங்கள் கால் வைக்கும் அந்த வீதி ஜாலான் துன் சம்பந்தன். முன்பு பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு. 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரின் பெயர் கே.எல்.லின் நடுவில் நிற்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிக் காட்டியவர். தோட்டத்துக் கிராணியாக (கணக்கராக) இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா ஒருவர் கே.எல். போகும்போதெல்லாம் அந்தத் தெருப் பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். மோனோரயிலில் சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தமும் சம்பந்தன் பெயர்தான். ஸ்காட் ரோட்டில் உள்ள கந்தசாமி கோயிலும் நடக்கிற தூரம்தான், இலங்கைத் தமிழர்கள் கட்டியது. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நான் கடை பெயர் சொல்லப் போவதில்லை. மத்தியானம் எந்தக் கடையில் ஆபீஸ் ஆட்கள் வரிசை பிடித்து நிற்கிறார்களோ அதில் போய் உட்காருங்கள்.

அங்கே நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடைபாதை நடுவே மஞ்சளாக, மேடு மேடாகக் கல் பதித்திருப்பார்கள். பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையில்லாத பலர் அங்கே வேலை செய்கிறார்கள், குடியிருக்கிறார்கள். வெள்ளைக் கோலால் அந்த மேட்டைத் தட்டித் தட்டித்தான் அவர்கள் சென்ட்ரல் வரை நடந்து போகிறார்கள். கோலின் நுனி கல்லில் படும்போது ஒரு சத்தம், வழியில் கிடக்கும் பெட்டியில் படும்போது வேறு சத்தம். அந்த இரண்டாவது சத்தம் கேட்டதும் அவர் நின்று, காலால் தடவி, பெட்டியைச் சுற்றி வந்து, மறுபடி மஞ்சள் கோட்டைத் தேட வேண்டும். மோட்டார் சைக்கிளை அதன்மேல் நிறுத்துகிறவர்களை என்ன சொல்வது. நம் ஆட்களாவது பையைச் சுவரோரமாக வைப்போம்.

திரும்பி வருவதற்கு உள்ள சங்கதிகளை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் கடைக்கு வரும் புகாரில் பாதி இதுதான்.

வண்டி புறப்படும் நேரம் வேறு, வாசல் மூடும் நேரம் வேறு. புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள். வண்டி கீழே நிற்பது தெரிந்தாலும் அப்புறம் கெஞ்சிப் பயனில்லை. அரை மணி நேரம் முன்னாலேயே கூடத்துக்கு வந்துவிடுங்கள். திரையில் நேரத்தை மட்டும் பார்க்காமல் டிக்கெட்டில் இருக்கும் வண்டி நம்பரையும் ஒப்பிடுங்கள். பெட்டிக்கு எழுத்து, இருக்கைக்கு எண் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். வேறொருவர் உட்கார்ந்திருந்தால் டிக்கெட்டைக் காட்டி எழுப்பலாம், கூச்சப்பட வேண்டாம். இருக்கைகள் திருப்ப முடியாதபடி பொருத்தியவை, பாதிப்பேர் பின்னோக்கித்தான் போக வேண்டும். தலைசுற்றல் இருக்கிறவர்கள் ஒரு புளிப்பு மிட்டாயை வைத்துக்கொள்ளுங்கள். சால்வையும் அவசியம். கேன்டீன் பெட்டி உண்டு, ஆனால் பசியாறிவிட்டு ஏறுவது உத்தமம்.

60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே 'வார்கா எமாஸ்' என்று சொல்ல வேண்டும், ஐ.சி. கையில் இருக்க வேண்டும். பல பேரன்கள் தங்கள் போனில் அவசரமாக முழுக் கட்டணத்துக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, வடக்கே போகும் எல்லா இ.டி.எஸ்.சும் நம் ஊருக்கு வராது. பல வண்டிகள் ஈப்போவோடு நின்றுவிடும். பட்டர்வொர்த், பாடாங் பெசார் போகிறவற்றிலும் சில, சின்ன நிலையங்களில் நிற்காமல் போகும். அதனால் "ஈப்போ பக்கம் போற வண்டி" என்று கேட்டு எடுக்காமல், இறங்குமிடம் சுங்கை சிப்புட் என்று போட்டே டிக்கெட் எடுக்க வேண்டும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் அப்படிப்பட்ட இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கடைசி வாரம் வந்து என்னிடம் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய? போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் ஈப்போ வண்டிதான் கிடைத்தது என்றால் பகலில் வந்து சேருவது மாதிரி எடுங்கள். ஈப்போவில் மேடான் கிட் போய் நம் ஊர் பஸ்ஸைப் பிடிக்கலாம். ராத்திரியில் அந்த பஸ்ஸை நம்ப முடியாது. நேராக நம் ஊரிலேயே இறங்குகிறவர்களும், கடைசி வண்டியில் வருவதாக இருந்தால் தோட்டத்துக்கு உள்ளே கூட்டிப் போக யார் வருவது என்பதை ஈப்போ தாண்டும்போதே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் நம் ஸ்டேஷன் வாசலில் டாக்சி நிற்காது, கிராப்பும் செம்பனைக்காட்டுச் சடக்குக்குள் வர யோசிக்கும்.